நான் எழுதிய சுற்றறிக்கையும் கச்சபேசனின் கைகளும்

பத்து நாளைக்கு முன்பு காலையில் ஆபீசுக்கு வந்து குடையை மாட்டிவிட்டுத் திரும்பினேன். கச்சபேசனின் தம்பி வாசலில் நின்றிருந்தார். “அண்ணன் போய்ட்டாரு சார்” என்றார். “ரண ஜன்னி, டெட்டனஸ்னாங்க. வாய் கட்டிக்கினு எட்டு நாளா தண்ணிகூட எறங்கல.” பிறகு ஒரு துணிப்பையை நீட்டினார். “வாய் கட்றதுக்கு முன்னாடியே இத உங்ககிட்ட குடுக்கச் சொல்லி வெச்சாரு.” பையில் வார் வைத்துத் தைத்த இரண்டு டயர்த் துண்டுகள் இருந்தன. நான் அவற்றைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

நம் கூட்டுறவுச் சங்கத்தில் பட்டு நூல் வாங்கியவர்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். பாவு நூலும் ஊடை நூலும் நிறுத்துக் கொடுக்கும் மேசையில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தவர். மூன்று வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கால்களையும் சூம்ப வைத்துவிட்டது. நெசவுக் குடும்பத்தில் பிறந்தும் தறி மிதிக்க முடியாமல் இந்த மேசைக்கு வந்தார். கையால் பெடல் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் வருவார். தாழ்வாரத்தை ஒட்டி வேப்பமரத்தடியில் அதை நிறுத்தினால் இருக்கையும் தாழ்வாரமும் ஒரே உயரம். கையை ஊன்றி ஒரு தாவு தாவினால் உள்ளே வந்துவிடுவார்.

பட்டணத்திலிருந்து புடவை வாங்கக் கார்கள் வரத் தொடங்கின. முன்வாசல் அடைசலாக இருக்கிறது என்று செயலாளர் சொன்னார். சுற்றறிக்கையை நான் எழுதினேன். ‘வாடிக்கையாளர்களின் கார்களைத் தவிர எல்லா வண்டிகளும் எதிர்ப்புற சைக்கிள் ஸ்டாண்டில் நிறுத்தப்பட வேண்டும்.’ எழுதும்போது நல்ல வாக்கியம் என்றுகூட நினைத்தேன். பாவி! அறிவிப்புப் பலகை கச்சபேசனுக்கு எட்டாத உயரம் என்பதால் நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “எல்லான்னா யார் யாருபா?” என்றார். “அது சைக்கிள்காரங்களுக்குபா, உனக்கில்ல” என்றேன். மறுநாள் காவலாளி அவரை வாசலிலேயே மறித்துவிட்டார். “என்மேல கோச்சிக்காதீங்க. உங்களுக்கு இல்லன்னு அதுல எழுதலையே” என்றார் அவர்.

சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து சங்க வாசல் நமக்கு நாற்பது தப்படி. நடுவில் பஸ்ஸும் லாரியும் மாட்டு வண்டியும் ஓயாத சாலை. கச்சபேசன் உள்ளங்கைகளில் டயர்த் துண்டுகளைக் கட்டிக்கொண்டு அந்தச் சாலையில் தவழ்ந்து வந்தார், வெள்ளைச் சட்டையோடு, பையில் பேனாவோடு. முதல் நாள் ஓடிப்போய்த் தூக்கப் போனேன். “தூக்காதபா. நாளைக்கு நீ லீவு போட்டா யார் தூக்குவாங்க? எழுதினத மாத்து” என்றார். சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடந்த நாட்களிலும் அப்படியே வந்தார். மேசையில் உட்கார்ந்து கையைத் தட்டித் துடைத்துக்கொண்டுதான் நூலைத் தொடுவார்.

செயலாளரும் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஒருநாள் கூப்பிட்டு, “பின்பக்கமா கொண்டாந்து விட்டுடுங்க கச்சபேசன். நான் கண்டுக்க மாட்டேன்” என்றார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. “நீங்க கண்டுக்க மாட்டீங்க சார். அடுத்து வர்றவரு கண்டுப்பாரே? எனக்கு மட்டும் வேணாம். எழுத்துல குடுங்க” என்றார். வெளியே வந்ததும் நான் அவரைப் பிடித்துத் திட்டினேன். வீம்பு பிடித்தவரே, கிடைப்பதை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே என்றேன். அவர் ஒரு தாள் கேட்டு வாங்கி அங்கேயே மனு எழுதினார். அந்த மனுவில் ‘என் வண்டி’ என்ற வார்த்தையே இல்லை. ‘இங்கு வரும் கால் இயலாதவர்களின் வண்டிகள் தாழ்வாரத்தை ஒட்டி நிற்க ஓர் இடம்’ என்றுதான் இருந்தது.

அவர் ஏன் அப்படி எழுதினார் என்பது எனக்குச் சில மாதம் கழித்துத்தான் உறைத்தது. திருப்புட்குழியிலிருந்து ஓர் அம்மாள் மாட்டு வண்டியில் வந்தார். புருஷன் இறந்து, சங்கத்தில் அவர் பங்கைத் தன் பேருக்கு மாற்றக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அம்மாளுக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. காவலாளி வண்டியை எதிர்ப்பக்கம் அனுப்பிவிட்டார். கச்சபேசன் பதிவேட்டைக் கழுத்தில் துண்டால் கட்டிக்கொண்டு சாலையைத் தாண்டித் தவழ்ந்து போனார். “நீ ஏன்பா வந்த, உனக்கே முடியலையே” என்று அந்த அம்மாள் அழுதார். “எனக்குப் பழக்கம்மா. நீங்க கையெழுத்துப் போடுங்க” என்றார். பதிவேட்டை வெளியே கொண்டுபோனதற்கு அவருக்கு மெமோ வந்தது. அதையும் நான்தான் எழுதினேன்.

மனு நிர்வாகக் குழுவுக்குப் போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. ஒன்றரை வருஷம் ‘பரிசீலனையில்’ இருந்தது. தினமும் வந்ததும், சுற்றறிக்கையில் சேர வேண்டிய அந்த ஒரு வரியைப் பற்றி, “இன்னாபா, நம்ம வரி வந்துடுச்சா?” என்பார். “இல்லபா” என்பேன். சென்ற மாதம் ஒரு காலை உள்ளே வந்தவர் வலது கைத் துண்டைக் கழற்றிப் பார்த்தார். மாட்டு லாடத்தின் ஆணி டயரைத் துளைத்து உள்ளங்கையில் ஏறியிருந்தது. “மாட்டுக்கு அடிச்ச லாடம், எனக்கும் சேர்த்து அடிச்சிட்டாங்க” என்று சிரித்தார். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டு நாள் முழுக்க நூல் நிறுத்தார். ஒரு ஊசி போட்டுக்கொள் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தும் சொல்லவில்லை.

ஒன்றரை வருஷம் அசையாத கோப்பு அவர் இறந்த நான்காம் நாள் அசைந்தது. ‘மனுதாரர் காலமாகிவிட்டதால் மேல்நடவடிக்கை தேவையில்லை. கோப்பை முடிக்கவும்.’ நான் மனுவைத் தூக்கிக்கொண்டு செயலாளரிடம் போனேன். இதில் கச்சபேசனின் வண்டி எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று சத்தம் போட்டேன். “ஆபீஸ்ல கத்தாதீங்க சம்மந்தம். செத்தவருக்கு எதுக்கு எடம்?” என்றார். வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து அதே மனுவை வரி மாறாமல் என் பெயரில் எழுதிக் கொடுத்தேன். இரண்டே நாளில் திரும்பி வந்தது. ‘மனுதாரர் பாதிக்கப்பட்டவர் அல்லர்.’

அவரை அறிந்த உங்களிடம் இதைச் சொல்லாமல் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? பாதிக்கப்பட்டவர் செத்துப்போனார், உயிரோடு இருக்கிறவனுக்குக் கால் இருக்கிறது. அந்த ஒரு வரியை யார் கேட்டால் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இதோ, இதை எழுதும்போதுகூட ‘எல்லா’ என்று வரும் இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. யார் யாருபா என்று அவர் கேட்கிறார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை அந்தக் கேள்வியும் இரண்டு டயர்த் துண்டுகளும்தான். வலது துண்டில் ஆணி போன ஓட்டை இருக்கிறது. அவற்றை என் மேசைமேல், பார்க்கிறவர் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன். எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிச் செயலாளர் இரண்டு முறை சொல்லிவிட்டார். எழுத்தில் கொடுங்கள் சார் என்றேன்.