பூனைக்கு வாங்கிய பம்ப்

எங்கள் வீட்டுப் பூனைக்கு இரைப்பு வந்தபோது, தொண்டையில் முள் சிக்கியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். மீன் குழம்பு வைத்த மறுநாள் அது கழுத்தைத் தரையோடு நீட்டிக்கொண்டு, வயிறு உள்வாங்க, கரகரவென்று இருமியது. என் மனைவி அதன் வாயைத் திறந்து பார்த்தாள். முள் இல்லை. அவள் கையில் கீறல்தான் மிச்சம். இருமல் நிற்கவில்லை.

நான் வருவாய்த்துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மனு எந்த மேசையில் தூங்கும், யார் தட்டினால் எழுந்திருக்கும் என்பது இன்றும் எனக்கு அத்துப்படி. ஆனால் ராஜபாளையத்தில் பூனையை மருத்துவரிடம் காட்ட நடைமுறை என்று ஒன்று இல்லை. இந்த ஊரில் பிராணி என்றால் நாய். நான் போன கால்நடை ஆஸ்பத்திரியில் வரிசையாக வெள்ளை நாய்கள், அவற்றைவிட விறைப்பாக அவற்றின் உரிமையாளர்கள். மூடி போட்ட கூடையோடு நான் நுழைந்ததும் அத்தனை மூக்குகளும் என் பக்கம் திரும்பின. கூடைக்குள் பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. பூனை வாயால் மூச்சு விடுவது நல்லதில்லை என்று எங்கோ படித்திருந்தேன். வந்த ஆட்டோவிலேயே ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விடச் சொன்னேன்.

அங்கே மாடுகள். மாடுகளுக்குப் பூனைகளைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. சினை பார்க்க வந்த பசுவுக்கும் மடிவீக்கம் கண்ட பசுவுக்கும் நடுவில் நிம்மதியாகக் காத்திருந்தோம். மருத்துவர் இளம்பெண். நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார், படம் எடுத்துப் பார்த்தார்.

"ஆஸ்துமா சார். மனுசங்களுக்கு வாரதேதான். ஊசி போடுதேன், ஆனா வீட்ல பம்ப் போட்டே ஆகணும். விட்டா ஒரு நாள் மூச்சு அடைச்சுரும்."

தினசரிக்கு ஒரு பம்ப், அதாவது மூச்சோடு இழுக்கும் இன்ஹேலர், அவசரத்துக்கு ஒரு பம்ப், கைக்குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் முகமூடி வைத்த குழாய் ஒன்று. மருந்துக்கடைக்காரர், "பிள்ளைக்கு எம்புட்டு வயசு சார்?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் விளக்கம் கேட்பார். பேரனா பேத்தியா என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று வயதை மட்டும் சொன்னேன்.

வீட்டில் பையைப் பிரித்ததும் மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பம்ப் வைக்கிற அளவுக்குப் போயிருச்சா?"

எங்கள் பக்கத்தில் பம்ப் என்றால் கடைசிக் கட்டம். அவளுடைய சித்தப்பா சாகும் தறுவாயில்தான் பம்பைத் தொட்டார். ஆகவே அவரைக் கொன்றது பம்ப் என்று அந்தக் குடும்பத்தில் தீர்ப்பாகிவிட்டது. காலமெல்லாம் அவர் பிடித்த சுருட்டு அந்த வழக்கில் எதிரியாகச் சேர்க்கப்படவே இல்லை. நான் மருத்துவர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். "ஒரு தடவை வச்சா பழகிரும். பொறவு அது இல்லாம மூச்சே விடாது" என்று சொல்லி, பம்புகளைப் பீரோவுக்குள் வைத்தாள். எங்கள் வீட்டில் அவள் உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது.

ஊசியின் தெம்பு குறையக் குறைய இரைப்பு திரும்பியது. மனைவி துளசிச்சாறு கொடுத்துப் பார்த்தாள். பூனை அதைச் சுவரில் துப்பியது. கடைசியில் எனக்குத் தெரியாமல் தன் பெண்கள் ஜெபக்குழுவில் விண்ணப்பம் வைத்திருக்கிறாள். பூனை என்று சொல்ல வெட்கம். "வீட்ல ஒரு ஆளுக்கு மூச்சு முட்டுது, ஜெபிச்சுக்கங்க" என்றிருக்கிறாள். வீட்டில் இருப்பது அவளும் நானும்தான்.

மறுநாள் சாயங்காலம் நான் கட்டிலில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ஆப்பிள், ரொட்டி, ஹார்லிக்ஸ் புட்டியோடு ஜெபக்குழு உள்ளே வந்தது.

"எந்திரிக்காதிய அண்ணாச்சி. படுங்க, படுங்க" என்றார் குழுவின் தலைவி. கனத்த சரீரம், அதற்கேற்ற குரல்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்படித்தான் சொல்லுவிய. எங்க வீட்டுக்காரவியளும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அதத்தான் சொன்னாவ."

மனைவியைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. இன்னொருவர் நோய்க்கான ஜெபத்தைப் பெற்றுக்கொள்வதற்கு விதிமுறை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. தலைவியின் கை என் தலைமேல் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜெபம் சூடு பிடித்த நேரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் கரகரப்பு கேட்டது.

"ஆண்டவரே, அந்தச் சத்தத்தக் கேளும்! உம்முடைய ஊழியக்காரன் படுத பாட்டப் பாரும்!" என்றார் தலைவி.

"அது நான் இல்ல. கட்டிலுக்குக் கீழ பாருங்க" என்றேன்.

எல்லாரும் குனிந்தார்கள். பூனை முழங்கைகளை அகட்டி வைத்து, வாயைப் பிளந்து, காற்றைக் கடிப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தது. நாக்கு நீலம் பாரித்திருந்தது. என் மனைவி தரையில் விழுந்து அதை வாரி எடுத்தாள். "ஏட்டி, ஏட்டி, என்னயப் பாருட்டி" என்று அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"மருந்து இருக்கா?" என்று கேட்டார் தலைவி.

"பம்ப்தான் குடுத்திருக்காவ. அது கடைசிக்குல்ல..."

"யாரு சொன்னா கடைசின்னு? எம் மவன் ஒண்ணாப்புலருந்து போடுதான். இன்னைக்கு போலீசுல சேந்து எவனையெல்லாமோ தொரத்திக்கிட்டு ஓடுதான். எங்க வச்சிருக்கட்டி?"

நான் பீரோவைத் திறந்து எடுத்து வந்தேன். தலைவி அவசரத்துக்கான பம்பைக் குலுக்கிக் குழாயில் மாட்டிக் கொடுத்தார். பூனையைத் துண்டில் சுற்றி நான் பிடித்தேன். முகமூடியை வைக்க வேண்டிய கை மனைவியுடையது. வேறு கையை அது ஏற்காது. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு வைத்தாள்.

"அமுக்கியாச்சு. எடுத்துராத. அது இழுக்கட்டும், செத்த நேரம் இழுக்கட்டும்" என்றார் தலைவி.

மற்றப் பெண்கள் ஜெபத்தை நிறுத்தவில்லை, ஆளை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை அமுக்கினோம். விலாவின் குதிப்பு மெல்ல அடங்கியது. நாக்கில் இளஞ்சிவப்பு வந்தது. வாய் மூடிக்கொண்டது. மனைவி வாய்விட்டு அழுதாள்.

"பூனைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானட்டி? அதுக்கும் மூச்சு ஆண்டவரு குடுத்ததுதான?" என்ற தலைவி, ஹார்லிக்ஸ் புட்டியை என் பக்கம் தள்ளினார். "இத நீங்க குடிங்க அண்ணாச்சி. பூனையப் பாக்கணும்ல, பெலம் வேணும்."

அன்று ராத்திரியே திரும்பவும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஊசி போட்டு வந்தோம். அதன்பின் பம்ப் மனைவியின் பொறுப்பு. முகமூடியின் விளிம்பில் கருவாட்டுத் தூளைத் தடவி நக்கவிட்டுப் பழக்கினாள். முதலில் நக்கிவிட்டு ஓடியது, பிறகு நக்கிவிட்டு நின்றது, இப்போது மடியில் உட்கார்ந்து, வரி நிலுவைக்கு நோட்டீஸ் வாங்கிய மிராசுதார் முகத்தோடு மூச்சை இழுக்கிறது. புகை ஆகாது என்று கொசுவர்த்திச் சுருளை அவள் ஒழித்துவிட்டாள். நான் அவளுக்கு ஒருமுறை நடைமுறையை விளக்கப் போனேன். "தெரியும், பேப்பரப் படிங்க" என்றாள்.

போன வாரம் மருத்துவர் நெஞ்சைக் கேட்டுவிட்டு, "சத்தம் இல்ல. ஆனா இது முழுசாப் போகாதும்மா. ஆயுசுக்கும் பம்ப் போடணும்" என்றார். "போட்டாப் போச்சு" என்றாள் மனைவி.

இன்று காலை மருந்து முடிந்ததும் பூனை ஓர் அணிலைத் துரத்திக்கொண்டு முருங்கை மரத்தில் பாதி உயரம் ஏறியது. அணில் தப்பிவிட்டது. பூனை எங்களைப் பார்க்காமல் இறங்கி வந்து துவைகல்லில் உட்கார்ந்தது. மனைவி கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே பிடித்தபடி குனிந்து அதன் முகத்தைப் பார்த்தாள்.

"வாய் மூடித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, காப்பி போட உள்ளே போனாள்.