இருபத்தைந்துக்கு நான்கு

செங் வட்டாரத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை மாதம் ஒரு முறை நான்கு பக்கச் செய்திமடல் போடுகிறது. எல்லாம் ஆங்கிலத்தில். விளையாட்டுச் செய்தி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பள்ளியில் ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு வாங்கியதை, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நானே வாயைத் திறந்து சொல்லிக்கொண்டதன் பலன்.

போன வருஷம் கேரம் போட்டி வைத்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் ஸ்டோர் சூப்பர்வைசர் அண்ணனும், பேக்கிங் பிரிவில் இருக்கும் அவருடைய மனைவியும். சொந்த ஊரான சுங்கை ரம்பாயில் தன்னை ஜெயிக்க ஆளே இருந்ததில்லை என்று அண்ணன் சொல்வார். வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அக்கா தன் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கேண்டீனில் சாப்பாட்டு நேரம். அக்கா வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணன் ஒவ்வொரு காய்க்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே ஆடினார். அக்கா பேசாமல் காய்களைக் குழிக்குள் அனுப்பிக்கொண்டே இருந்தார். இருபத்தைந்துக்கு நான்கு. பவுடர் சரியில்லை என்றார் அண்ணன்.

மறுநாள் காலை என் மேசைக்கு, தேங்காய்ப்பால் சோறும் சம்பலும் கட்டிய நாசி லெமாக் பொட்டலத்தோடு அண்ணன் வந்து நின்றார்.

"தங்கச்சி, நியூஸ் எழுதிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே."

"கேம் கொஞ்சம் டைட்டா போச்சின்னு எழுதுலா."

"இருபத்தஞ்சுக்கு நாலுண்ணே!"

"நம்பர் எதுக்கு? இங்கிலீஷ்ல அதுக்குன்னு நல்ல நல்ல வார்த்தை இருக்கும்ல?"

இருந்தது. கைப்பேசியில் தேடினால் வரிசையாக வந்து விழுந்தது. முதலில் நெக் அண்ட் நெக். பந்தயத்தில் இரண்டு குதிரைகள் கழுத்தும் கழுத்துமாக ஓடுவது என்று விளக்கினேன்.

"குதிரை வேணாம். ஸ்டோர்ல பயலுங்க சிரிப்பானுங்க."

"போட்டோ ஃபினிஷ்?"

"போட்டோதான் எடுத்துட்டாங்களே. அவ கப்பைத் தூக்கிட்டு நிக்கிறா."

"டெட் ஹீட்?"

"அலாமா! சாவெல்லாம் எதுக்கு?"

"நெயில் பைட்டிங். பார்க்கிறவங்க பதற்றத்துல நகம் கடிக்கிற மாதிரி ஆட்டம்."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அது உண்மைதான். நான் கடிச்சேன்."

பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, நெயில் பைட்டிங் என்றே எழுதி முடித்தேன். மனசாட்சி உறுத்தவில்லை. சம்பல் நன்றாக இருந்தது.

மத்தியானம் அக்கா வந்தார். கையில் ஒன்றும் இல்லை.

"அவரு வந்தாரா?"

மழுப்பலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. எழுதியதைப் படித்து அர்த்தம் சொன்னேன். அக்கா சிரித்தார். கொஞ்ச நேரம் விரலில் ஒட்டியிருந்த டேப்பின் பசையை உரித்துக்கொண்டே நின்றார்.

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்மா. வீட்ல ஜெயிச்சதெல்லாம், அவரு விட்டுக் கொடுத்து ஜெயிச்சதாத்தான் கணக்கு. இது ஒன்னுதான் விட்டுக் கொடுக்காம ஜெயிச்சேன். அதையும் ஏதோ கொஞ்சத்துல ஜெயிச்சேன்னு எழுதிட்டா எப்படி?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் கண்ணெதிரிலேயே அந்த வரியை அழித்தேன்.

"அடிச்சி நொறுக்கிட்டான்னு இங்கிலீஷ்ல எப்படி சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

"த்ரேஷ்டுன்னு போடலாம்க்கா."

அந்தச் சொல்லை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். பிடித்திருந்தது போலத்தான் தெரிந்தது. "வேணாம், பாவம். நம்பர் மட்டும் போடு."

மடல் வந்தது. பெயர்கள், 25-4, கோப்பையோடு அக்காவின் படம். மூன்று நாள் அண்ணன் கூரை விசிறியைப் பார்த்தபடியே என் மேசையைக் கடந்து போனார். நாசி லெமாக்கைத் திருப்பிக் கொடுக்கவா முடியும்?

நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்தில் கேரம் பலகையை அவரே தூக்கி வந்து கேண்டீன் மேசையில் போட்டார். "இன்னொரு கேம். தங்கச்சிதான் அம்பயர்."

இந்த முறை அவர் பேசவே இல்லை. அதுவே எங்களுக்குப் பயமாக இருந்தது. பேச்சை நிறுத்தினால் மனிதர் நன்றாகத்தான் ஆடுகிறார். இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு. கடைசிச் சுற்றில் ஆளுக்கு ஒரே ஒரு காய். யாருடைய காய் முதலில் விழுகிறதோ அவருக்கே ஆட்டம். அண்ணன் முறை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார். காய் குழியின் விளிம்பு வரை போய், எட்டிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டது. கேண்டீனே "ஐயோ!" என்றது. அம்பயரான நானும்தான் கத்தினேன். நூலிழை என்று தமிழில் சொல்கிறோமே, அந்த நூலை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அக்கா தன் காயை மெல்லத் தள்ளி முடித்தார்.

தோற்ற அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா! ஒரே காயி! இப்ப எழுது!"

எழுதிக் கொண்டுபோனேன். அதிகாரபூர்வமான போட்டி இல்லை என்று மேலாளர் தள்ளிவிட்டார். அடுத்த மடலில் அந்த இடத்தில் தீயணைப்புப் பயிற்சி வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே ஸ்டோருக்குப் போனேன்.

"விடும்மா" என்றார் அண்ணன். "வீட்டுக்கே ஒரு போர்டு வாங்கிட்டேன். நேத்து பாதியிலயே அவளுக்குத் தூக்கம் வந்துருச்சி. பதினெட்டுக்குப் பதினாறுல நிக்குது. காயை யாரும் தொடக்கூடாதுன்னு மேல பெரிய தாவா தட்டைக் கவுத்து வச்சிருக்கா."

யாருக்குப் பதினெட்டு என்று நான் கேட்கவில்லை.