ஒரு வாய்க்கு ஒரு சிட்டிகை

கண்ணுக்கே தெரியாத திருகாணியைக்கூடக் கழற்றி மாட்டிவிடும் அந்த செல்போன் ரிப்பேர்க்காரரின் கை. என்ன பிரயோஜனம்? பக்கவாதத்தில் படுத்துவிட்ட மனைவியின் வாயில் ஒரு கரண்டி கஞ்சியை இறக்க அதற்குத் துப்பில்லாமல் இருந்தது.

அவள் கட்டிலுக்கு எதிரே இரண்டடி நீளத்தில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி. நான்கைந்து பாறை, அதில் ஒட்டி வளர்ந்த பவளம், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன்கள். நன்றாக நடமாடிய காலத்தில் அவளே ஆசைப்பட்டு வைத்தது. இப்போது தெரு, ஊர், உறவு எல்லாம் அவளுக்கு அதுதான். ஒருநாள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, "நீ ஒரு வாய் வாங்கு, அதுங்களுக்கு ஒரு சிட்டிகை போடறேன்" என்றார், விளையாட்டாக. அவள் வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து வேளைக்கு எட்டு வாய், எட்டு சிட்டிகை. மீன்கள் துள்ளித் தின்பதைப் பார்த்து அவளுக்கும் பசி கிளம்புகிறது என்று மனுஷன் பூரித்துப் போனார்.

இரண்டு மீன் எவ்வளவுதான் தின்னும்? மிச்சமெல்லாம் பாறை இடுக்கில் போய் ஊறியது. அதைத் தின்று புழு பெருகியது. விரல் நீளம், இரண்டு பக்கமும் வெள்ளை முள்மயிர். விளக்கை அணைத்தால் பாறை முழுக்க நெளிசல். வெறுங்கையால் ஒன்றை எடுக்கப் போய், மயிர் குத்தி, இரண்டு நாள் திருப்புளி பிடிக்க முடியவில்லை.

மீன்கடைக்காரர் சிரித்தார். "நீங்க வளர்க்கறது மீனாண்ணே, புழுவா? தீனியைக் குறைங்க. ரெண்டு நாளைக்கு ஒரு சிட்டிகை போதும். பெருசா தெரியறதை மட்டும் ட்வீசரால எடுங்க. மிச்சம் இருக்கட்டும், அழுகினதை அதுதான் தின்னு தீர்க்குது."

"தீனியைக் குறைக்க முடியாது தம்பி."

"ஏன்?"

அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

தீனியைக் குறைக்க முடியாதென்றால் புழுவை ஒழித்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். எந்தக் கோளாறானாலும் பிரித்துப்போட்டுக் கழுவிவிட்டால் சரியாகும் என்கிற தொழில்புத்தி. ஞாயிறு மதியம் அவள் கண்ணயர்ந்த நேரத்தில் பாறைகளை எடுத்து, குழாய்த் தண்ணீர் நிறைந்த பக்கெட்டில் அமுக்கினார். உப்பில்லாத தண்ணீர் பட்டதும் புழுக்கள் துடித்து வெளியே விழுந்தன. அரைமணி நேரம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்தும் விட்டார். பாவி மனுஷன்! தண்ணீரைக் கெடாமல் காத்துவந்த கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் அந்தப் பாறைக்குள்தானே இருந்தன? அவையும் செத்தன. செத்தது அத்தனையையும் பாறையோடு தூக்கித் தொட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தார். அன்று மாலையும் எட்டு சிட்டிகை போட்டார்.

திங்கட்கிழமை பவளம் சுருங்கியது. செவ்வாய்க்கிழமை தண்ணீர் வெளுத்து நாறியது. புதன் காலை இரண்டு மீன்களும் மல்லாந்து மிதந்தன. அவர் எழுவதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டிருந்தாள்.

கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார். "நான்தான் கெடுத்துட்டேன். கோவம்னா திட்டிடு. ஒரு வாய் மட்டும் வாங்கிக்கோம்மா."

அவளுக்குப் பேச்சு குழறும். நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னாள்.

"கோவமெல்லாம் இல்லைங்க. எனக்குப் பசின்னு ஒண்ணு வந்தே ஒரு வருஷம் ஆச்சு. நான் வாங்கலைன்னா அதுங்க பட்டினி கிடக்குமேன்னுதான் வாயைத் திறந்தேன்."

சொல்லிவிட்டு உதட்டை மூடிக்கொண்டாள்.