எட்டு இல்லாத எண்

12345679. இந்த எண்ணை இன்றைக்கும் பார்க்காமல் எழுதுவேன். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த லீவில், ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தவள் என் அத்தை மகள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது.

ஊரப்பாக்கத்திலிருந்து ஒரே ஒரு பையோடு வந்தாள். லீவு முடிந்தும் போகவில்லை. என் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிட்டார்கள். சாப்பிட்டதும் தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். அம்மா உடனே என் பக்கம் திரும்பி, "பாத்துக்கோடி" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம், "மாமா, ஒண்ணுலேருந்து ஒம்பதுக்குள்ள உங்களுக்குப் புடிச்ச நம்பர் ஒண்ணு சொல்லுங்க" என்றாள். அப்பா ஐந்து என்றார். காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் 12345679 என்று எழுதினாள். ஐந்தை ஒன்பதால் பெருக்கினால் வரும் நாற்பத்தைந்தால் அதைப் பெருக்கினாள். விடை 555555555.

"இன்னாம்மா இது, பூரா அஞ்சாவே கீது?" என்று அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தன் சைக்கிள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தங்கச்சி பொண்ணு போட்ட கணக்கு என்று அதைக் காட்டினாராம். என் நோட்டை அவர் கையெழுத்துப் போட மட்டும்தான் திறப்பார். அந்தச் சட்டைப் பைக்குள் என் தாள் ஒன்றும் போக வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவள் எழுதியதை நான் பின்னால் நின்று பார்த்திருந்தேன். அதில் எட்டு இல்லை. அவசரத்தில் விட்டுவிட்டாள், யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு, எட்டையும் சேர்த்து 123456789 என்று எழுதி, அப்பா எதிரிலேயே நாற்பத்தைந்தால் பெருக்கினேன். 5555555505 வந்தது.

"கடைசி அஞ்சுக்கு முன்னாடி ஒரு முட்டை வந்து குந்திகினு கீதே" என்று அப்பா சிரித்தார்.

"அவதான்ப்பா எட்டை விட்டுட்டா. நான் சரியாத்தான் போட்டேன்."

அத்தை மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். "எட்டு வரக் கூடாதுன்னு நான்தான் இவளுக்குச் சொல்லல, மாமா. பெருக்குனது கரெக்ட்டுதான்."

அப்பா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். என் தாள் தரையிலேயே கிடந்தது. என்னைக் காப்பாற்றியதற்கும் அவளுக்கே பெயர் கிடைத்தது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்று மத்தியானம் என் தட்டையும் சேர்த்து அவளே கழுவினாள். அதுவும் அம்மா பார்ப்பதற்காகத்தான் என்று நினைத்தேன்.

எட்டு ஏன் கூடாது என்பதைச் சாயங்காலமே போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எட்டு இல்லாத எண்ணை ஒன்பதால் பெருக்கினால் வரிசையாக ஒன்பது ஒன்றுகள் வரும். அதை ஐந்தால் பெருக்கினால் ஐந்துகள், ஏழால் பெருக்கினால் ஏழுகள். எட்டைச் சேர்த்தால் வரிசை குலைந்துபோகும். இவ்வளவையும் கண்டுபிடித்த எனக்கு, அத்தை ஏன் ஒரு தடவைகூட அவளைப் பார்க்க வரவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போக அந்த வீட்டில் என்னால் மட்டும் எப்படி முடிந்தது என்றும் தோன்றவில்லை.