மூன்றாவது ரிங்

போன் அடிக்கிறது. அக்காவின் வலது கை ரிசீவர்மேல் போய் உட்காருகிறது, எடுப்பதில்லை. கண் மூடுகிறது. இரண்டாவது ரிங். உதடு மட்டும் லேசாக அசைகிறது. மூன்றாவதில்தான் எடுக்கிறார். “சொல்லுங்க, நான் இருக்கேன்.”

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி எங்களுடையது. நடுவழியில் லிஃப்ட் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் அழைப்பு நேரே அக்காவின் மேஜைக்கு வரும். அடுத்த மேஜையில் உதிரிபாகப் பட்டியல் தட்டிக்கொண்டிருப்பவன் நான். நாற்பத்தைந்து வயதில் முன்மண்டை காலியாகிவிட்ட என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிட மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். “முத ரெண்டு ரிங் ஆண்டவருக்கு, தம்பி. மூணாவதுதான் மனுசனுக்கு” என்பார். அதனால் ஆபீசில் அவருக்குப் பெயரே ‘மூணாவது ரிங்’.

உடனே புனிதவதி என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட வேண்டாம். என் டிராயரிலிருந்து பிஸ்கட்டை எடுத்துத் தின்றுவிட்டு, “எலி வந்துச்சு போல” என்று முகம் மாறாமல் சொல்லக்கூடியவர். பேனா மூடியைக் கடிப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

ஆனால் ரிசீவர் காதுக்குப் போய்விட்டால் வேறு ஆள். போன வாரம் ஒருவர் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, அக்காவின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். பக்கத்தில் இருந்த எனக்கே காது கூசியது. அக்கா குரலை உயர்த்தவில்லை. “தரையில உக்காருங்க. சட்டை மேல் பட்டனைக் கழட்டி விடுங்க. எங்க ஆளுங்க கிளம்பிட்டாங்க. அவங்க வர்ற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்.” நாற்பது நிமிடம் பேசினார். கடைசியில் அந்த மனிதர் தன் முழங்கால் வலிக்கு யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

“எப்படிக்கா பொறுத்துக்கிறீங்க?”

“திட்டுனது அவரில்ல தம்பி, அவரோட பயம்.”

மறுநாள் மன்னிப்புக் கேட்க அவர் நேரிலேயே வந்தார். அக்கா உட்காரவைத்து நன்றாக உபசரித்தார், என் பிஸ்கட்டை வைத்து.

அக்காவின் கைப்பை தொங்கும் ஆணியில் ஒரு காலத்தில் அவர் படம் தொங்கியது. யார் முதல் ரிங்கிலேயே எடுக்கிறார்கள் என்று கம்பெனி போட்டி வைத்திருந்த வருடங்கள் அவை. மூன்று வருடம் தொடர்ந்து அக்காதான் முதலிடம். ஜெபம் முதலில் சுருங்கியது, அப்புறம் நின்றே போனது. “வேலையே ஜெபந்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.” அப்போது அவர் குரல் கத்தரிக்கோல் மாதிரி இருக்கும். நாங்கள் எல்லாருமே வெட்டுப்பட்டிருக்கிறோம்.

ஒருநாள் போனில் ஒரு பெண் பேச்சே வராமல் அழுதாள். “அழுதா எனக்கு எப்படிப் புரியும்? கட்டடம் பேரைச் சொல்லுங்க. இல்லன்னா வைங்க” என்றார் அக்கா. அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

அழுதது அவருடைய ஒரே மகள். வேலை நேரத்தில் அம்மாவின் கைப்பேசி பெட்டியில் பூட்டிக் கிடக்கும் என்பதால் ஆபீஸ் எண்ணுக்கு அடித்திருக்கிறாள். ஐந்து மாதக் கரு கலைந்துகொண்டிருந்தது. தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதற்குப் பிறகு ஐந்து வருடமாக அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கடவுளின் தண்டனையா என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். அக்காவுக்குக் கண் கலங்கியது. “அவரு ஒண்ணும் பண்ணல தம்பி. நான்தான் வேரைக் காயவிட்டுட்டு இலையைத் தொடச்சுக்கிட்டு இருந்தேன். எம்பொண்ணு காய் தேடி வந்தா. ஒண்ணுகூட இல்ல.”

படத்தைக் கழற்றியதும், முதல் இரண்டு ரிங்கை ஜெபத்துக்கு விட ஆரம்பித்ததும் அந்த வாரம்தான். மாதம் தவறாமல் மகளுக்குக் கடிதம் போடுகிறார். அடியில் ஆபீஸ் எண்ணையும் எழுதுகிறார். பதில் வந்ததில்லை. மகளின் எண் எழுதிய சீட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, மனப்பாடமான எண்ணுக்கு எதற்குச் சீட்டோ. சாயங்காலம் பையை எடுக்கும்போது, “இன்னைக்கு ஏதாவது காய்ச்சுதா?” என்று தன்னையே கேட்டுக்கொள்வார். சில நாள், “ம்ஹூம், வெறும் இலை” என்று பதிலும் வரும்.

நேற்றுக் காலை பதினொன்றேகாலுக்குப் போன் அடித்தது. இப்போதைய புதுப் போனின் சின்னத் திரையில் எண்ணைப் பார்த்தேன். சீட்டில் இருந்த அதே எண்.

“அக்கா, எடுங்க!” கத்தியேவிட்டேன்.

ரிசீவரைப் பற்றித் தூக்கப்போன கை பாதியில் நின்றது. மெல்ல அமர்ந்தது. கண்கள் மூடின. அந்தப் பெண் மனம் மாறி வைத்துவிட்டால் என்ன ஆவது என்று நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இரண்டாவது ரிங். அவர் உதடு அசைந்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

மூன்றாவது ரிங். எப்போதும் ஒரு கையால் எடுக்கும் ரிசீவரை இரண்டு கையாலும் எடுத்துக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.