வட்ட நகரத்தில் ஒரு நேர்த்தெரு

கல்யாணமான நான்காவது மாதம் என் வீட்டுக்காரர் ஒரு நாவலை என் கையில் கொடுத்தார். இருநூறு பக்க நோட்டுகள் மூன்று. எண்பதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் வெளியூர்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற வேலை அவருக்கு. அந்தக் கை இப்படியும் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறது என்று பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் அப்பா கொஞ்சம் யோசித்திருப்பார்.

அது மாயாஜால நாவல். மலை உச்சியில் ஒரு தலைநகரம், அதைச் சுற்றி வட்ட வட்டமாக ஏழு கோட்டைச் சுவர்கள். ராஜாவிடம் பறக்கும் குதிரைகள். ராணி வேளைக்கு ஒரு பட்டு உடுத்துவாள். மெட்ராஸ் பத்திரிகை ஒன்று புதியவர்களிடம் தொடர்கதை கேட்டிருந்தது. அனுப்புவதற்கு முன்னால் நான் படித்துவிட்டுச் சொல்ல வேண்டுமாம். அச்சில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

முதல் நோட்டைத் தெருக்குழாயடியில், குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்து படித்தேன். தண்ணீர் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. இந்த ஊரில் இருந்துகொண்டு, மலை உச்சியில் ஒரு கிணறுகூட வெட்டாமல் தலைநகரம் கட்டியிருக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. ராணி தினமும் பன்னீரில் குளிக்கிறாள். யார் சுமந்தது? அடுத்தது குதிரை. பறக்கட்டும், மாயம் என்றால் மாயம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பறக்கிற குதிரை போடும் லத்தி யார் வீட்டு முற்றத்தில் விழும், அள்ளுவதற்கு ஆள் உண்டா என்று கேட்டேன். அது மாயக்குதிரை, அதெல்லாம் போடாது என்றார். மூன்றாம் அத்தியாயத்தில் அது கொள்ளு தின்கிற பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். 

அதோடு விட்டிருக்கலாம். நான் சின்னாளபட்டியில் நெசவு வீட்டில் பிறந்தவள். சேலையின் நீளவாட்டு நூலைப் பாவு என்போம். அதை விடிந்தும் விடியாமலும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்த வேண்டும். அதற்கு வளையாத தெரு வேண்டும். இவர் நகரத்திலோ எல்லாத் தெருவும் வட்டம்.

"ஏங்க, இந்த ஊர்ல பாவு எங்க போடுவாக?" என்று கேட்டேன்.

"எந்தப் பாவு?"

"ராணி வேளைக்கு ஒண்ணு உடுத்துறாள்ல, அதுக்கு. நேர்த்தெரு இல்லாட்டி உங்க சனம் அம்புட்டும் அம்மணமாத்தான் திரியணும்."

நோட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் பேச்சே இல்லை. சாப்பாட்டில் தொட்டுக்கொள்ள இரண்டாம் முறை வெஞ்சனம் கேட்கவில்லை. நான் வீம்பாக இருந்தேனே தவிர உள்ளுக்குள் பயம்தான். வேறு யாரிடமும் காட்டாத ஒன்றை நம்பி என்னிடம் காட்டியவரை இப்படிப் பேசிவிட்டோமே என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் சின்னாளபட்டிக்குக் கிளம்பு என்றார். போனபோது எங்கள் வீட்டுப் பாவு தெருவில் கிடந்தது. புது மாப்பிள்ளை என்று நாற்காலி போட்டார்கள். அம்மா காபியோடு எதிர்ப்பக்கம் நின்றாள். இவர் வேட்டியை லேசாகத் தூக்கி, பாவைத் தாண்டக் காலை எடுத்தார். தெரு மொத்தமும் கையிலிருந்த வேலையை நிறுத்தியது. அதுவரை மாப்பிள்ளை முன்னால் சத்தமாக மூச்சுக்கூட விடாத அப்பா அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"மாப்ள, பாவத் தாண்டக் கூடாது. சுத்தி வாங்க."

தெருக்கோடி வரை நடந்து, மறுபக்கமாகத் திரும்பி வந்து ஆறிப்போன காபியைக் குடித்தார். அதற்குள் ஒரு பால்காரர் பாவைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போனார். இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் ஏழு சுவரையும் பிளந்து நடுவில் ஒரு நேர்த்தெரு போட்டார். நெசவாளிகளைக் குடிவைத்தார். அங்கேதான் வம்பு. எதிரிப்படை அந்தத் தெரு வழியாக நேரே அரண்மனைக்குள் புகுந்துவிட்டது. நாற்பது அத்தியாயக் கதை ஐந்தாவதில் முடிந்துபோனது. உன் பாவால் என் ராஜ்யமே போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"விடியக்காலம் வரச் சொல்லுங்க அவுகள" என்றேன்.

நோட்டைப் பிரித்துப் பேனாவை எடுத்தார். அப்புறம் இரவுச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. எதிரிப்படை விடியலில் வருகிறது. தெருவை அடைத்துப் பாவு கிடக்கிறது. பத்தாயிரம் பேரும் நின்றுவிடுகிறார்கள். சுற்றிப் போக வழி எங்கே என்று தளபதி விசாரிக்கிறான். அவர்கள் மலையைச் சுற்றி வருவதற்குள் பறக்கும் குதிரைகள் வந்துவிடுகின்றன. நான் முதன்முறையாக ஒரு குறையும் சொல்லவில்லை. நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டார்.

பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. ஏழு கோட்டையும் பறக்கும் குதிரையும் அருமையாம். ஒரு படையே நூலைக் கண்டு நிற்பதுதான் நம்பும்படி இல்லையாம். அந்தத் தெருவை எடுத்துவிட்டு அனுப்பினால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குதிரை பறப்பதை நம்புகிற மனிதருக்கு இதுவா நம்ப முடியவில்லை? வாய் வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டேன். ஏனென்றால் அவர் 'அடுத்த மாதமே' என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துருங்க. கதைதானே" என்றேன். அவருடைய எழுத்தைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு சாயந்தரம் வரை உட்கார்ந்திருந்தார். ஒரு வரியும் அடிக்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தெருவ எடுத்துறலாம் புள்ள. அங்க இருக்குற சனம் எங்க போகும்?"

 தெருவை எடுக்க இயலாது, மன்னிக்கவும் என்று ஒரு கார்டு எழுதினார். நாவல் அச்சில் வரவில்லை. அந்தக் கார்டைக் கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டது நான்தான்.