பாலில்லாத் தேத்தண்ணி

மாப்பிள்ளை வீட்டாருக்கு வெறும் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பிய குடும்பம் என்று அட்டுவம்பட்டியில் எங்களுக்கு இன்றைக்கும் ஒரு பெயர் உண்டு. ஆரம்பித்தது அத்தை. முடித்து வைத்தது நான். அப்போது எனக்கு எட்டு வயது.

இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில், மூன்று தலைமுறை காலம் தள்ளிவிட்டு, உங்கள் நாடு இந்தியாதான் என்று சொன்ன ஒரு காகிதத்தோடு கப்பலேறி வந்தவர்கள் நாங்கள். அங்கே இருந்தவரைக்கும் எங்களுக்கு இந்தியாக்காரர்கள் என்று பெயர். கொடைக்கானல் பக்கம் இந்த அட்டுவம்பட்டியில் வந்து குடிசை போட்டதும் சிலோன்காரர்கள் ஆகிவிட்டோம். அப்பா காட்டில் மரப்பட்டை உரிக்கப் போனார். அம்மாவும் அத்தையும் பூண்டுக் காட்டுக்குக் கூலிக்குப் போனார்கள். குளிர், மழை, அட்டைக்கடி எல்லாம் எங்களுக்குப் பழகியவைதான். பழகாதது தேத்தண்ணி விஷயம் மட்டும்.

நாங்கள் கையில் ஒரு வெல்லத் துண்டை வைத்துக்கொண்டு, ஒரு கடி, ஒரு மடக்கு என்று பாலில்லாமல் குடிக்கிறவர்கள். இந்தப் பக்கத்திலோ பால் ஊற்றாமல் கொடுப்பது சாவு வீட்டில்தான். வந்த புதிதில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தபோது, அம்மா ஆசையாக வெறும் தேத்தண்ணியை நீட்டிவிட்டாள். அந்தம்மா டம்ளரைத் தொடவேயில்லை. "ஏத்தா, இங்க யாரு செத்துக் கெடக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு வெளியாட்கள் வந்தால் எப்பாடுபட்டாவது பால் வாங்கிவிடுவோம். இந்த அவமானம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அத்தைக்கும் நன்றாகத் தெரியும்.

அத்தை அப்பாவின் தங்கை. இருபத்தாறு முடிந்திருந்தது. சிலோன் என்று கேட்டதுமே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. அதனால் தாண்டிக்குடியிலிருந்து மூன்றாவதாக ஓர் இடம் வருகிறது என்றதும் அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாப்பிள்ளை காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. குடி கிடையாது, சாதியும் சரி. இதையும் விட்டால் தங்கச்சி கடைசிவரை வீட்டோடுதான் என்று அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்கே கேட்டது.

அன்று வெள்ளனே என்னை அனுப்பி அரை லிட்டர் பால் வாங்கிவரச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பால் என்பது நாள் கிழமைக்குக்கூட வராத பொருள். எனக்கு மாப்பிள்ளையும் வேண்டாம், மாமனும் வேண்டாம், மிஞ்சுகிற பால் போதும் என்று பால் சட்டியையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

மத்தியானம் ஜீப்பில் ஐந்து பேர் வந்தார்கள். அத்தையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை இரண்டு தடவை பார்த்தார். பிடித்துவிட்டது. இனி எங்கள் வீட்டில் கை நனைத்தால், அதாவது ஒரு வாய் குடித்துவிட்டால், சம்மதம் என்று அர்த்தம். டம்ளரை எடுத்து வைக்கச் சொல்லி அப்பா கண்ணைக் காட்டினார். அத்தை அடுப்படிக்கு வந்தாள், பின்னாலேயே நானும்.

வெளியே மாப்பிள்ளையின் அம்மா பேசுவது தெளிவாகக் கேட்டது.

"ஒரே ஒரு சங்கதிதாங்க. கல்யாணத்த எங்க ஊர்லயே வச்சுக்கிருவோம். ஒங்க பக்கம் நாலு பேரு வந்தாப் போதும். யாரும் கேட்டா பொண்ணுக்கு மதுரைப் பக்கம்னு சொல்லிருங்க. சிலோன்னு ஊருக்குள்ள மூச்சு விடக் கூடாது. பெறகும் நீங்க அடிக்கடி வந்து போக வேணாம்."

"நீங்க சொன்னாச் சரிதாங்க," என்றார் அப்பா. மூச்சு விடக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

பால் பொங்கி வந்த நேரம் அது. அத்தை சட்டியை இறக்கினாள், தட்டைப் போட்டு மூடினாள், அடுப்படியை ஒட்டிக் கிடந்த கட்டிலுக்கடியில் தள்ளினாள். பிறகு வெறும் தேயிலைச் சாயத்தை ஐந்து டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனாள். கையை நீட்டுங்க என்று சொல்லி ஆளுக்கொரு வெல்லத் துண்டையும் உள்ளங்கையில் வைத்தாள். அவர்களும் என்னவோ பிரசாதம் வாங்குகிற மாதிரி நீட்டிவிட்டார்கள்.

டம்ளருக்குள் பார்த்ததும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "நல்ல காரியம் பேச வந்த எடத்துல என்னம்மா இது?"

அப்பா பதறிப்போய் எழுந்தார். "மன்னிச்சுக்கங்க தாயி. தோட்டத்துப் பழக்கம். புள்ளைக்கு இந்த ஊரு மொற தெரியாது."

கூட வந்த தாய்மாமன் நல்ல மனிதர். "தெரியாமச் செஞ்சது, விடுக்கா," என்றார். அந்தம்மாவும் கொஞ்சம் இறங்கி வந்து டம்ளரைக் கையில் எடுத்தார். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அத்தை இன்றைக்குத் தாண்டிக்குடியில் மதுரைக்காரியாக இருந்திருப்பாள்.

அத்தைக்கு முறை தெரியாது என்று அப்பா சொன்னதில் எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சூடான சட்டியைப் பாவாடையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "அத்தே, நீ கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்ச பாலு இந்தா இருக்கு!"

அந்தம்மா அத்தையைப் பார்த்தார். "பாலு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. சிலோன்காரங்க வீட்ல இப்பிடித்தாங்க குடிப்போம்," என்றாள் அத்தை, குரல் உயராமல்.

ஜீப் கிளம்பிவிட்டது. இதில் மாப்பிள்ளை மட்டும் அதற்குள் வெல்லத்தைக் கடித்து டம்ளரையும் காலி செய்திருந்தார், பாவம்.

இருபத்தாறு வயதுத் தங்கச்சியை அடிக்க முடியாதல்லவா, அப்பா என்னை அடித்தார். அம்மா மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். அத்தை மட்டும் ஒன்றும் நடக்காதது போலச் சட்டியை எடுத்து, சீனி போட்டு, மொத்தப் பாலையும் எனக்கே ஊற்றிக் கொடுத்தாள். காரியத்தைக் கெடுத்த என்மேல் அவளுக்கு ஏன் கோபமே வரவில்லை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பாதி டம்ளர் உள்ளே போனதும் எனக்கு வேறு கவலை வந்தது.

"அத்தே, இனி எப்போ பொண்ணு பாக்க வருவாங்க?"

"இனி ஒருத்தரும் வரமாட்டாங்க புள்ள. குடி," என்றாள்.

அப்படியானால் இனிமேல் பாலும் வராது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நான் தனக்காக அழுகிறேன் என்று நினைத்து, அத்தை என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.